ஏலத்துக்கு ஒரு நாள், இணைப்புக்கு ஒரு நாளா?

மேட்டூர் அணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாட்டன்மார் வாய்மொழியாகக் கேட்டிருப்பீர்கள். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த பெரும்பணி அது. அதன் உயரத்தைப் பேசாத வாயில்லை. அங்கே தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பைக் கண்டு வியக்காத கண்ணில்லை. ஆனால், அந்த அணையோடு உடன்பிறந்த ஒன்றைப் பலரும் மறந்துவிடுவர். தஞ்சைத் தரணியிலே உழவர் பெருமக்கள் ‘புது ஆறு’ என்று பெயரிட்டழைக்கும் கல்லணைக் கால்வாய்! அணையும் கால்வாயும் ஒரே திட்டத்தின் இரண்டு அங்கங்கள். ஒரே கணக்கில் எழுதப்பட்டவை. ஒரே காலத்தில் வெட்டப்பட்டவை. அதே 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டவை. அன்று நாட்டை ஆண்டவன் வெள்ளைக்காரன். அவன் நோக்கம் தீர்வை வசூல் என்றாலும், தண்ணீரைத் தேக்குகிறவன் அது போகும் வழியையும் வெட்ட வேண்டும் என்ற எளிய உண்மை அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த எளிய உண்மை இன்று டில்லியில் கோலோச்சுவோருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மறந்துவிட்டனரா என்பதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள்முன் நான் வைக்கும் கேள்வி.

தண்ணீரைப் பற்றியல்ல, தோழர்களே, மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். கதிரவனிடமிருந்தும் காற்றிடமிருந்தும் இந்நாடு கறந்தெடுக்கும் மின்சாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். “வெயிலுக்கு விலை கிடையாது, காற்றுக்கு வாடகை கிடையாது, அப்படியிருக்க மின்கட்டணம் மட்டும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?” என்று தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து உங்களைக் கேட்பவர் இருக்கிறார். பஞ்சாலைத் தொழிலாளியாக இருக்கலாம். பம்புசெட் வைத்திருக்கும் சிறு விவசாயியாக இருக்கலாம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கும் எனக்கும் உண்டு. விடையின் முழுமையும் இந்தக் கட்டுரையில் இல்லை. ஆனால் பலரும் பேசாத ஒரு பகுதி இதில் இருக்கிறது.

முதலில் நல்லதை நல்லதென்று சொல்லிவிடுவோம். மாற்றார் செய்தது என்பதற்காக மறைப்பது நமது மரபன்று. 2010 சனவரியில் தேசியச் சூரிய மின் திட்டம் தொடங்கியபோது, 2022-ஆம் ஆண்டுக்குள் 20,000 மெகாவாட் என்பதே இலக்கு. 2025 தொடக்கத்தில் நாட்டின் சூரிய மின் நிலையங்களின் அளவு 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிற்று. அதே ஆண்டு சூன் மாதக் கணக்கின்படி, இந்தியாவில் நிறுவப்பட்டுள்ள மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் அல்லாத வழிகளைச் சேர்ந்தது. அணுவும் நீரும் காற்றும் கதிரும் சேர்ந்து 2,42,000 மெகாவாட்டுக்கு மேல்! பெருமைப்படத்தக்க செய்திதான்.

ஆனால், தோழர்களே, நிறுவியது வேறு; நிறைவேறியது வேறு. தகடுகளை வரிசையாகப் பதித்துவிட்டால் போதுமா? அவை தரும் மின்சாரம் உங்கள் வீட்டு விளக்கை வந்தடைய வேண்டாமா? அடுக்களையில் சோறு வெந்தால் மட்டும் பந்தியில் இருப்பவன் பசி தீருமா? பரிமாறுகிறவன் வர வேண்டும். மின்சாரத்தைப் பரிமாறுகிறவன் யார்? உயர்ந்த கோபுரங்கள்மீது ஊர்கடந்து, மாநிலம் கடந்து செல்லும் மின்பாதை! அந்த மின்பாதை வரும் நாளுக்கும், மின் நிலையம் முடியும் நாளுக்கும், சர்க்கார் தரும் சலுகை தீரும் நாளுக்கும் ஒருவகை உறவும் வைக்காமல் திட்டம் தீட்டியதால் விளைந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

சூரிய மின் நிலையம் யாருக்குக் கிடைக்கிறது? ஏலத்தில் எடுத்தவருக்கு. நாம் அறிந்த ஏலத்தில் விலை ஏறும்; சந்தைப்பேட்டையில் மாட்டை ஏலம் விட்டால், கூடுதல் தொகை கேட்டவனுக்கு மாடு. இந்த ஏலமோ தலைகீழ் ஏலம்! விலை இறங்கும். “நான் ஒரு யூனிட்டை 3 ரூபாய்க்குத் தருகிறேன்” என்பான் ஒருவன். “நான் அதைவிடப் பத்துக் காசு குறைத்துத் தருகிறேன்” என்பான் இன்னொருவன். யார் மிகக் குறைவாகக் கேட்கிறானோ அவனுக்கு 25 ஆண்டுக்காலம் மின்சாரம் விற்கும் உரிமை. இப்படித்தான் 2017 மே மாதம் இராசத்தானத்துப் பட்லா சூரியப் பூங்காவில் ஒரு யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிற்று. 2020 டிசம்பரில் குசராத்து மாநிலம் நடத்திய ஏலத்தில் 2 ரூபாய்க்கும் கீழே, 1 ரூபாய் 99 காசுக்கு வந்தது. பத்திரிகைகள் பாராட்டுரை எழுதின. அமைச்சர்கள் பெருமிதம் பேசினர்.

இந்த ஏலத்துக்குப் பின்னே பொதுமக்கள் பணம் பல வழிகளில் நிற்கிறது. தொடக்க காலத்தில், நட்டத்தை ஈடுகட்ட ரொக்கமாகவே மானியம் தந்தார்கள். பிறகு அதைவிடப் பெரியதொரு சலுகை வந்தது. ஒரு மாநிலத்தில் விளையும் மின்சாரத்தை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்ல, மாநிலங்களுக்கிடையேயான மின்பாதைக்குக் கட்டணம் உண்டு. சூரிய, காற்று மின்சாரத்துக்கு அந்தக் கட்டணம் இல்லை என்று விலக்களித்தது மத்திய சர்க்கார். 2025 சூன் 30-க்குள் உற்பத்தியைத் தொடங்கினால் முழு விலக்கு. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஆண்டு கால்பங்கு வீதம் விலக்குக் குறையும் என்று விதி. விலக்களித்த கட்டணம் காற்றில் கரைந்துவிடுகிறதா? இல்லை! கோபுரம் கட்டிய செலவு செலவுதானே! ஒருவர் கொடுக்காததை மற்றவர்கள் தலையில் பகிர்ந்து ஏற்றுகிறார்கள். அந்த மற்றவர்களில் தமிழ்நாட்டு மின் நுகர்வோரும் உண்டு. இராசத்தானத்துப் பாலைவனத்துச் சலுகைக்கு இராமநாதபுரத்துக் குடிசையும் பங்கு கொடுக்கிறது. கொடுப்பது தவறென்று சொல்லவில்லை. கொடுத்ததற்கு மின்சாரம் வந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்கிறேன்.

இப்போது மூன்று பஞ்சாங்கங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஏலப் பஞ்சாங்கம். ஏலத்தில் எடுத்தவர் ஒன்றரை ஆண்டில், மிஞ்சினால் இரண்டு ஆண்டில் நிலையத்தைக் கட்டி முடிக்க வேண்டும். சூரியத் தகடு பதிப்பது அவ்வளவு விரைவாக நடக்கக்கூடிய வேலைதான்.

இரண்டாவது, மின்பாதைப் பஞ்சாங்கம். துணை மின் நிலையத்துக்கு இடம் பார்க்க வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் வேண்டும். அதைக் கட்டுவதற்குத் தனியாக ஓர் ஏலம் வேண்டும். காட்டிலாகா அனுமதி வேண்டும். கோபுரம் நிற்கும் நிலத்தின் உழவரோடு பேச்சு முடிய வேண்டும். இரண்டரை ஆண்டு, மூன்று ஆண்டு ஆகும். வழக்கு குறுக்கிட்டால் ஐந்தாண்டும் ஆகும்.

மூன்றாவது, சலுகைப் பஞ்சாங்கம். அதற்கு நிலையமும் தெரியாது, மின்பாதையும் தெரியாது. இந்தத் தேதியோடு முழுச் சலுகை தீர்ந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

மூன்று பஞ்சாங்கத்தையும் மூன்று அலுவலகங்கள் எழுதுகின்றன. ஏலம் விடுவது இந்தியச் சூரிய ஆற்றல் கழகம் போன்ற அமைப்புகள். மின்பாதையைத் திட்டமிடுவது மத்திய மின் தொடரமைப்பு நிறுவனம். விலக்குக்குத் தேதி குறிப்பது மின்துறை அமைச்சகம். ஒருவர் குறித்த நாளை மற்றவர் பார்த்துத் தம் நாளைக் குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமற்போனால் என்ன ஆகும்? மணமகன் வீட்டார் ஒரு முகூர்த்தம், மணமகள் வீட்டார் ஒரு முகூர்த்தம், சமையற்காரர் ஒரு முகூர்த்தம் பார்த்தால் திருமணம் எந்த இலட்சணத்தில் நடக்கும்?

நடந்தது என்ன? சலுகை தீரும் நாள் நெருங்க நெருங்க, இராசத்தானத்தில் நிலையங்கள் அவசர அவசரமாக எழும்பின. மின்பாதை முடியாத இடத்தில், பாதையில் இடம் மிஞ்சினால் அனுப்பிக்கொள்ளலாம் என்ற தற்காலிக அனுமதியோடு இணைத்துக்கொண்டனர். 2025-இன் பிற்பகுதியில் கணக்குப் பார்த்தபோது, அங்கே மத்திய மின்பாதையை நம்பிக் கட்டப்பட்ட நிலையங்கள் ஏறத்தாழ 23,000 மெகாவாட். பாதை தாங்கக்கூடியதோ ஏறத்தாழ 19,000 மெகாவாட். மீதி 4,000 மெகாவாட்? உச்சிவேளையில், வெயில் கொளுத்தும் நேரத்தில், தகடுகள் தகதகவென்று மின்னும் நேரத்தில், “நிறுத்து!” என்று உத்தரவு. விளைந்த மின்சாரம் வீணாகவே போயிற்று.

எண்ணிப் பாருங்கள். 4,000 மெகாவாட் என்றால் மேட்டூர் அனல்மின் நிலையம் போல இரண்டு நிலையங்களின் அளவுக்கும் மேல்! அத்தனையையும் கட்டிவைத்து, பகலில் கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு, அந்தி சாய்ந்ததும் நிலக்கரியை அள்ளி அள்ளிக் கொட்டுகிறோம்.

“இடையிலே கானமயில் வழக்கு வந்துவிட்டது, நாங்கள் என்ன செய்வோம்?” என்பார்கள். உண்மைதான். அழிந்துகொண்டிருக்கும் அந்தப் பறவை கம்பியில் மோதி மாள்கிறது என்பதால், கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்லுமாறு 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் பணித்தது; 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு அமைத்தது. இடைப்பட்ட மூன்றாண்டும் பணிகள் தடுமாறின. ஆனால் கேட்கிறேன்: கானமயில் 2021-இல்தான் இராசத்தானத்தில் குடியேறிற்றா? அந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்பதும், அது அருகிவருகிறது என்பதும் வனத்துறை ஏடுகளில் பல்லாண்டாக இருந்த செய்தி. பாதை போகும் வழியை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு ஏலத்துக்குப் போயிருந்தால், பறவையும் பிழைத்திருக்கும், பணமும் பிழைத்திருக்கும்.

“நட்டப்படுபவர் தனியார் முதலாளிதானே? அவருக்காக நீர் ஏன் கண்ணீர் வடிக்கிறீர்?” என்று ஒரு தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. முதலாளிக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. அவர் கண்ணீரை அவரே துடைத்துக்கொள்வார். அதற்கான கைக்குட்டை அடுத்த ஏலத்தில் இருக்கிறது. இன்று பட்ட நட்டத்தை நாளைய விலையில் ஏற்றுவார். கடன் கொடுக்கும் வங்கி, இணைப்பு எந்நாள் வருமென்று தெரியாத நிலையத்துக்குக் கூடுதல் வட்டி கேட்கும். அந்த வட்டியும் யூனிட் விலையில் ஏறும். ஆக, நட்டம் முதலில் முதலாளி வீட்டு வாசலில் இறங்கினாலும், இறுதியில் குடியிருக்க வருவது நுகர்வோர் வீட்டில்தான். பயன்படாத மின்சாரத்துக்கும் அவர் கொடுக்கிறார். அதற்கு மாற்றாக எரித்த நிலக்கரிக்கும் அவர் கொடுக்கிறார். ஒரே சோற்றுக்கு இரண்டு முறை காசு!

இதற்கிடையில் ஏலம் நின்றதா? இல்லை. 2023-இல் மத்திய சர்க்கார் ஒரு கட்டளை போட்டது: ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் 50,000 மெகாவாட் ஏலம் விட வேண்டும் என்று. ஏல எண்ணிக்கையே சாதனை என்று ஆகிவிட்டால், ஏலம் விடுவோர் ஏலத்தைத்தானே விடுவர்? விளைவு, 2025-இல் ஏலம் முடிந்தும் வாங்குவதற்கு எந்த மாநிலமும் ஒப்பந்தம் எழுதாத நிலையங்கள் 40,000 மெகாவாட்டுக்கு மேல் தேங்கின. நாளை விலை இன்னும் குறையும் என்று காத்திருந்த மாநிலங்கள் உண்டு. பகல் மின்சாரம் போதும், மாலை மின்சாரம் வேண்டும் என்ற மாநிலங்கள் உண்டு. ஆனால் மின்சாரம் எந்நாள் வந்து சேரும் என்று உறுதி சொல்ல முடியாத சரக்குக்கு முன்பணம் கொடுக்க எந்த வீட்டுக்காரர் முன்வருவார்?

இந்தப் பாடம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று, தோழர்களே. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986-இலேயே காற்றாலை சுழன்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும் உலகறிந்த பெயர்களாயின. இன்று நம் மாநிலத்துக் காற்றாலைகளின் அளவு 10,000 மெகாவாட்டுக்கும் அதிகம். அவை எப்படிப் பெருகின? முதல் ஆண்டிலேயே தேய்மானத்தின் பெரும்பகுதியைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரியில் ஒரு சலுகை இருந்தது. கோவையிலும் திருப்பூரிலும் ஆலை வைத்திருந்தவர்கள் மார்ச்சு 31-க்குள் காற்றாலையை நிறுத்திவிட வேண்டும் என்று விரைந்தனர். சலுகை, தூணை நட்டதற்கு. மின்சாரம் ஊரை அடைந்ததற்கன்று! ஆகவே தூண்கள் பெருகிய வேகத்தில் கம்பிகள் பெருகவில்லை. ஆடிக்காற்று அம்மியையும் நகர்த்தும் என்பார்கள். அந்த ஆடிக்காற்றில், காற்றாலையை நிறுத்திவை என்று சொல்ல வேண்டி வந்த ஆண்டுகளும் உண்டு. தென்கோடியில் நாம் கற்ற பாடத்தை, வடமேற்கில் திட்டம் தீட்டியவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்கும் பழக்கம் டில்லிக்கு இருந்தால்!

வெளிநாட்டாரும் இந்தச் சறுக்கலுக்கு விலக்கல்லர். செர்மனி நாட்டிலே, போர்க்கும் தீவை அடுத்த கடலில், ரிப்காட் என்ற காற்றாலைத் தொகுதியை 2013 கோடையில் கட்டி முடித்தனர். 30 காற்றாலைகள், 108 மெகாவாட். திறப்பு விழாவும் நடந்தது. ஆனால் கரைக்குக் கொண்டுவரும் கடலடிக் கம்பி முடியவில்லை. கம்பி போகும் வழியில் உலகப் போர்க்காலத்து வெடிகுண்டுகள் கிடந்தன. அவற்றை அகற்ற மாதங்கள் பிடித்தன. அதுவரை என்ன செய்தார்கள் தெரியுமா? உப்புக் காற்றில் இயந்திரம் துருப்பிடித்துவிடாதிருக்க, டீசல் எஞ்சினை ஓட்டிக் காற்றாலையைச் சுழற்றினார்கள்! மாதம் 20,000 லிட்டருக்கு மேல் டீசல்! இணைப்புக் கிடைத்தது 2014 பிப்ரவரியில். இத்தகைய தாமதத்துக்கு இழப்பீடு தரும் சட்டமும் அந்நாட்டில் உண்டு. இழந்த வருவாயில் பெரும்பகுதியைத் தருகிறார்கள். அதற்கான பணம் மக்கள் மின்கட்டணத்தின்மேல் தனி வரியாக ஏறுகிறது. செர்மானியர் சும்மா இருக்கவில்லை. பாடம் கற்று, 2017-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்மூலம் கடலில் இடத்தையும், ஏலத்தையும், கம்பி வரும் நாளையும் ஒரே திட்டத்தில் கோத்தார்கள்.

பக்கத்து நாடான நெதர்லாந்து இன்னும் தெளிவாகச் செய்தது. போர்செலெ என்ற கடற்பகுதியில் ஏலம் விடுமுன், கடலடி மண்ணைச் சர்க்காரே ஆராய்ந்தது. அனுமதிகளைச் சர்க்காரே முடித்துவைத்தது. 700 மெகாவாட் தாங்கும் கடல் மேடை ஒன்றை இந்நாளுக்குள் நிறுத்துவோம் என்று மின்பாதை நிறுவனம் உறுதி தந்தது. ஏலம் கேட்டவருக்குச் சந்தேகம் குறைந்தது. சந்தேகம் குறைந்ததால் விலை குறைந்தது. 2016 சூலையில் முதல் இரண்டு பகுதிகள் ஒரு யூனிட் ஏறத்தாழ 7¼ ஐரோப்பிய சென்டுக்குப் போயின. கடல் காற்று மின்சாரத்துக்கு அதுவரை யாரும் கேட்டிராத விலை. 2020-இல் மின்சாரம் முழுமையாக ஓடிற்று. சந்தேகத்துக்கு ஒரு விலை உண்டு, தோழர்களே! சந்தேகத்தை நீக்கிய சர்க்கார், மானியத்தைக் கூட்டாமலே விலையைக் குறைத்தது.

இந்த இடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். “கம்பியை முன்கூட்டியே போட்டுவிட்டு, நிலையம் வராவிட்டால்? வெறுங்கம்பிக்குச் செலவழித்த பணமும் மக்கள் பணந்தானே?” நல்ல வாதம்; தள்ளிவிடக் கூடாது. இதற்கு அமெரிக்காவின் டெக்சாசு மாநிலம் விடை சொல்லுகிறது. தனியார்மயத்தைக் கும்பிடும் மாநிலம் அது! அங்கே 2005-இல் சட்டம் இயற்றி, காற்று மிகுந்த வட்டாரங்களைத் தேர்ந்து, நிலையம் வருமுன்பே மின்பாதை அமைக்க முடிவு செய்தனர். ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் பாதை. 700 கோடி டாலர் அளவுக்குச் செலவு. 2014 தொடக்கத்தில் பணி முடிந்தது. பாதை வெறுமையாகக் கிடந்ததா? காற்றாலைகள் வந்து நிரம்பின. பின்னர் அதுவும் போதாமல் நெருக்கடி ஏற்பட்டது என்பதுதான் வரலாறு. காற்றும் வெயிலும் எங்கே மிகுதி என்பது தெரிந்த செய்தி. தெரிந்த இடத்துக்குப் பாதை போடுவது சூதாட்டமாகாது. பாதை வருமா என்று தெரியாமல் நிலையம் கட்டச் சொல்வதுதான் சூதாட்டம்.

இன்னொரு தீமையையும் மறைக்க மாட்டேன். இணைப்பு உரிமையைப் பெற்றுவைத்துக்கொண்டு, நிலையம் கட்டாமல், பிறருக்கு விற்று இலாபம் பார்க்கக் காத்திருப்போர் உண்டு. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே கலைதான்! பிரிட்டனில் முந்தி விண்ணப்பித்தவருக்கே முந்தி இணைப்பு என்ற முறை இருந்தது. 2024-இல் அங்கே வரிசையில் நின்ற நிலையங்கள் 7,00,000 மெகாவாட்டுக்கு மேல். அந்நாட்டுக்குத் தேவையானதைப் போலப் பலமடங்கு! உண்மையாகக் கட்டக்கூடியவர் பின்னே நிற்க, துண்டு போட்டவர் முன்னே நின்றார். 2025-இல் முறையை மாற்றினர். ஆயத்தமானவருக்கே முதலிடம் என்றனர். நம் நாட்டிலும் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் வகுத்த விதிகளில், நிலத்தின் பத்திரமோ வங்கி உறுதியோ காட்டினால்தான் இணைப்பு என்று வைத்திருக்கிறது. நல்ல விதி. துண்டை எடுத்தெறிய அதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

இனி, நம் வீட்டுக் கணக்கு. டில்லியைக் குறை கூறிவிட்டு நம் பக்கம் பார்க்காமல் இருப்பது நேர்மையாகாது. மாநிலத்துக்குள் செல்லும் பாதைகளுக்காக வந்தது பசுமை மின்பாதைத் திட்டம். 2015-இல் முதற்கட்டத்தில் தமிழ்நாடு உட்பட 8 மாநிலங்களுக்கு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். 2022 சனவரியில் இரண்டாம் கட்டத்தில் 7 மாநிலங்களுக்கு ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய். இரண்டிலும் நாம் இருக்கிறோம். முதற்கட்டப் பணிகள் குறித்த காலத்தில் எல்லா மாநிலங்களிலும் முடிந்தனவா? இல்லை, நீட்டிப்பின்மேல் நீட்டிப்பு வந்தது. எந்தத் துணை மின் நிலையம் எந்நாள் முடியும் என்பதை நமது மின் தொடரமைப்புக் கழகமும் மக்கள் பார்க்கும்படி அறிவிக்க வேண்டும். அறிவித்த நாளைக் காப்பாற்றவும் வேண்டும்.

கோபுரம் ஏன் தாமதமாகிறது என்பதற்கு உழவர் பெயரைச் சொல்லித் தப்பிக்கும் வழக்கமும் உண்டு. 2018-இல் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்து உழவர்கள் உயர் அழுத்தக் கோபுரங்களை எதிர்த்துப் போராடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் மின்சாரத்துக்கு எதிரிகளா? கிணற்றிலே மோட்டார் ஓட்டும் உழவன் மின்சாரத்துக்கு எதிரியாவானா? தென்னைக்கு இடையே கோபுரம் எழுந்து, கம்பிக்கு அடியில் மரம் வளர்க்கவும் முடியாமல், நிலத்தை விற்கவும் முடியாமல் போனபின், 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்து அதிகாரத்தைக் காட்டினால் கொதிக்காமல் என்ன செய்வான்? 2024 சூனில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பைப்போல் இருமடங்கும், கம்பி செல்லும் பரப்புக்கு மதிப்பில் 30 விழுக்காடும் இழப்பீடு என்கிறது. இது முன்பே வந்திருந்தால் எத்தனை வழக்குகள் மிச்சமாகியிருக்கும்! உழவனுக்கு நியாயமான பணத்தை முதலிலேயே கொடுப்பது அறமும்கூட, விரைவுக்கு வழியும்கூட. கோபுரத்தின் காலம் உழவனின் கையெழுத்தில் தொடங்குகிறது என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, நாம் கேட்பவை எவை?

ஏல அறிவிப்பிலேயே, எந்தத் துணை மின் நிலையத்தில், எத்தனை மெகாவாட்டுக்கு, எந்நாளில் இணைப்பு என்று எழுதப்பட வேண்டும். அது எழுதப்படாத ஏலம் நடக்கக் கூடாது.

சலுகையின் கடைசி நாள் நாட்காட்டியைப் பார்த்து எண்ணப்படக் கூடாது. இணைப்புத் தயாரான நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். “பாதை தாமதமானால் நீட்டிப்புத் தர விதி இருக்கிறதே” என்பர். இருக்கிறது, மனுப்போட்டு, வாதாடி, காத்திருந்து பெறும் விதி அது. நாம் கேட்பது தானே நடைபெறும் ஒழுங்கு.

தாமதித்தவர் தாமதத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். நிலையம் கட்டுபவர் தாமதித்தால் அவர். பாதை போடுபவர் தாமதித்தால் அவர். அனுமதி தராமல் காலம் கடத்தியது சர்க்கார் என்றால் சர்க்கார். எவர் தாமதித்தாலும் நுகர்வோர் தலையில் விடியும் முறை ஒழிய வேண்டும்.

நிறைவாக, மாநிலங்களின் குரல். மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கும் பொருள். வாங்குவது மாநிலம், பணம் கட்டுவது மாநில மக்கள், நிலம் தருவது மாநிலத்து உழவர். நாள் குறிப்பது மட்டும் டில்லியா? ஏலமும் பாதையும் ஒரே பலகையில், மாநிலங்களும் உடன் அமர்ந்து, ஒரே பஞ்சாங்கமாக எழுதப்பட வேண்டும்.

“இதையெல்லாம் செய்துகொண்டிருந்தால் ஏலம் தாமதமாகுமே, 2030-க்குள் 5,00,000 மெகாவாட் என்று உலகுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?” என்பார்கள். நாம் ஏலத்தைத் தாமதிக்கச் சொல்லவில்லை. பாதையை விரைவுபடுத்தச் சொல்கிறோம். ஏட்டில் எழுதிய 5,00,000-ஐவிட, வீட்டில் எரியும் ஒரு விளக்கு உலகுக்குச் சிறந்த வாக்கு. மின்சாரம் ஓடாத நிலையத்தை எண்ணிக்கையில் சேர்ப்பது, நீர் பாயாத வயலை நன்செய் என்று பத்திரம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

தோழர்களே! தேநீர்க்கடையில் அந்த நண்பர் மீண்டும் கேட்பார். அவரிடம் சொல்லுங்கள்: வெயில் மலிவு, காற்று மலிவு, ஒழுங்கீனம்தான் விலை உயர்ந்தது என்று. அடுத்த முறை உங்கள் மாவட்டத்தில் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டு விழா என்று வளைவுகள் எழும்போது, மாலையோடு வரும் பெரியவர்களிடம் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: எந்தத் துணை மின் நிலையம்? எந்நாள் இணைப்பு? தாமதமானால் யார் கணக்கில்?

புது ஆற்றை வெட்டாமல் மேட்டூரை மட்டும் கட்டியிருந்தால், அந்த நீர் தஞ்சையின் புது நிலங்களுக்குப் பாய்ந்திருக்காது. கதிரவன் கொடுப்பதைக் கட்டிக் காத்துக் கடைசி வீடுவரை கொண்டு சேர்க்கும் புது ஆறுகள் இன்று வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம்முடையது. கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம், கிடைக்கும்வரை கேட்போம்!